லான்சரின் பின் சீற்

ஊர்காவற்றுறையில் ஜெகதீஸ் என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டுவார்கள். நான் சொல்லுவது கராஜ் ஜெகதீசை. தகப்பன் வழி எழுவைதீவு. தகப்பன் காலத்தில் அங்கே கார் என்று ஒன்று இருந்ததில்லை. கலியாணத்தன்று வள்ளத்தால் இங்கே இறங்கித்தான் அந்த மனிசன் முதன்முதல் காரில் ஏறினார். ஏறினவர் கோயில் வாசல் வரைக்கும் கதவுப் பிடியை விடவில்லையாம், பொம்பிளையின் கையைப் பிடிக்கச் சொன்னபோதும் விடவில்லையாம் என்று என் தாய் சொல்லிச் சிரிப்பா. அவருடைய மகனுக்குக் காரில் இப்படியொரு பித்து எந்த வழியால் வந்ததென்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கத்துச் சந்ததியையும் நாலு தலைமுறைக்குச் சொல்லுவேன். ஒருவரும் இல்லை.

அவனுடைய மனைவி நிலக்சனா. அவளுடைய தாய் யூலியானா எனக்குச் சின்னம்மாவின் மகள், இப்போது உயிரோடு இல்லை. தகப்பன் யாகப்பு இன்றைக்கும் கடலுக்குப் போகிறார். ஜெகதீசுக்கும் நிலக்சனாவுக்கும் பிள்ளை இல்லை.

கலியாணம் முடித்த கையோடு ஜெகதீஸ் கட்டாருக்குப் போனான். அங்கே பந்தயக் கார் திருத்துகிற ஒரு கராஜில் ஏழு வருசம் வேலை. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் நானூற்றிரண்டு மீற்றர் பறக்கும், யார் முந்துகிறாரோ அவர் வெற்றி. வளைவும் இல்லை, திருப்பமும் இல்லை. ஜெகதீஸ் அந்தக் கார்களின் சில்லுக்கு நட்டு இறுக்குவான், பிறகு கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான். ஏழு வருசத்தில் ஒரு நாளும் அவனை உள்ளே ஏற்றி ஓடவிட்டதில்லை.

எட்டாம் வருசம் நிலக்சனாவுக்கு முகமும் காலும் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போய்விட்டது என்று டாக்குத்தர் சொன்னார். அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் நாலு மணித்தியாலம் இரத்தம் கழுவ வேண்டும். முதல் இரண்டு மாதம் பஸ்ஸில் போய் வந்தார்கள். போவது பரவாயில்லை. வரும்போது அவளால் இருக்க ஏலாது. ஒருநாள் தீவுக்கு வருகிற பண்ணைப் பாலத்தில் பஸ் குலுங்க, சீற்றுகளுக்கு இடையிலே சரிந்து விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் கொழும்பில் போய் அந்தப் பழைய லான்சரைக் கொண்டுவந்தான். வரும்போது அவள் பின் சீற்றில் நீட்டிப் படுப்பாள். தலை வலப்பக்கம், யன்னல் பாதி திறந்திருக்கும்.

சும்மா கார் வாங்க அவனுக்கு மனம் வந்திருக்காது. அது டேர்போ பூட்டின கார். என்ஜினோடு சங்கு மாதிரி ஒரு சாமான் இருக்கிறது. புகை போகிற விசையில் அது சுழன்று என்ஜினுக்குள் காற்றை அடைக்கும். அடைக்க அடைக்கப் பாய்ச்சல் கூடும். எவ்வளவு அடைக்கிறது என்பதை ஒரு திருகைத் திருப்பிக் கூட்டிக் குறைக்கலாம் என்று எனக்குக் காட்டினான். எனக்கு அந்தச் சங்கு மட்டும்தான் விளங்கியது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கினான். புகைக்குழாயைக் கழற்றி அகலமானதைப் பூட்டினான். முன்னாலே காற்றைக் குளிரப்பண்ணுகிற தட்டு ஒன்றைப் பெரிதாக வைத்தான். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியில், அல்லைப்பிட்டி நேர் றோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துக் காலை அமத்தி ஓட்டுவான். எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை நானூற்றிரண்டு மீற்றர் என்று அளந்து வைத்திருந்தான். நேரம் பார்க்கிற வேலை நிலக்சனாவுக்கு.

"எத்தினை?"

"பதினாறரை. இஞ்சருங்கோ, அந்தா அந்தக் கோழி எங்களை முந்திட்டுது."

"கோழிக்குப் பின்னாலை ஆள் படுக்கிற சீற் இல்லை."

"அப்ப என்னிலையோ குறை? முப்பத்தொன்பது கிலோதான் இருக்கிறன். கழட்டிப் போட்டு ஓடுங்கோ."

இப்படித்தான் அவர்களுடைய கதை. அவள் சிரித்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போன நாட்கள் அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான்.

தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் வருசத்துக்கு ஒரு தரம் இந்த ஓட்டம் வைக்கிறார்கள். றோட்டில் ஓடுகிற காரும் சேரலாம். திகதி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி கழுவி வந்தால் அடுத்தது செவ்வாய். நடுவிலே மூன்று நாள். சனி போய், ஞாயிறு ஓடி, திங்கள் வந்து, செவ்வாய்க்கிழமை விடியக் கார் வாசலில் நிற்கவேண்டும். அது ஒன்றுதான் கணக்கு. அதை அவன் அவளிடம் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"ஒருக்கா ஓடிட்டு வாங்கோ. நான் இருக்கேக்கையே ஓடுங்கோ."

"விசர்க் கதை கதையாதையும்."

"விசர் எனக்கில்லை. ஆசுப்பத்திரிக்குப் போற காருக்குப் பந்தயக் குழாய் பூட்டினது ஆர்?"

வெள்ளி பின்னேரம் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பாரம் குறைக்கவென்று பின் சீற்றைக் கழற்றினான். நாலு போல்ற். கழற்றிய சீற்றை விறாந்தையில் சுவரோடு வைத்தான். போல்ற் நாலையும் ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டு மூடினான்.

இந்த ஓட்டத்துக்கு உயர்ந்த பெற்றோல் வேண்டுமாம். அது தீவுப் பக்கத்தில் கிடையாது, யாழ்ப்பாணப் பட்டினத்தில்தான். ஓட்டத்துக்கு ஐந்து லீற்றர் போதும், பெற்றோல் தாங்கி நிறைய இருந்தால் அதுவும் பாரம் என்று ஒரு புதுச் சின்னக் கான் வாங்கி வைத்திருந்தான். சனி காலையில் யாகப்பு தன்னுடைய நீலக் கானைத் தூக்கிக்கொண்டு வந்தார். நானும் நின்றேன்.

"தம்பி, இதையும் கொண்டு போம். பத்து லீற்றர் பிடிக்கும். தூரத்து ஓட்டம்."

"மாமா, இது மண்ணெண்ணெய்க் கான் எல்லே."

"அதை ஊத்திப் போட்டுப் பெற்றோல் அடியும். என்ரை வள்ளத்தோடை எத்தினை புயலுக்குள்ளாலை போய்த் திரும்பின கான் தெரியுமோ? ஆனால் முழுக்கக் கவிழ்க்கப்படாது."

எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போகிற கானை ஒரு நாளும் முழுதாகக் கவிழ்ப்பதில்லை. அடியில் இரண்டு விரல் விட்டுத்தான் மூடுவார்கள். வெறுங்கானோடு வெளிக்கிட்டால் கடல் ஆளை நடுவிலே நிறுத்திவிடும் என்று ஒரு பயம். என் தகப்பன் செய்தார், அவருடைய தகப்பன் செய்தார். ஏனென்று கேட்டவர்கள் இல்லை.

ஜெகதீஸ் கானைச் சரித்து மண்ணெண்ணெயை வேறு கானுக்குள் ஊற்றினான். யாகப்பு பக்கத்தில் நின்றே பார்த்தார்.

"காணும், காணும். நிமித்தும்."

நிமிர்த்தினான். அடியில் இரண்டு விரல் கிடந்தது. அந்த எண்ணெய் பெற்றோலோடு கலந்தால், காற்றைக் கூட்டி ஓடும்போது என்ஜினுக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும். இந்தத் தீவில் வேறு ஒருவருக்கும் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். வரும் வழிக்குத்தானே, திருகைக் குறைத்துவிட்டு மெதுவாக வந்தால் எதையும் குடித்துக்கொண்டு வரும் என்று நினைத்தானாம். பாலம் தாண்டினதும் கவிழ்த்திருக்கலாம். தான் அப்படிச் செய்ய நினைத்ததாகவும், கை வரவில்லை என்றும் பிறகு சொன்னான். அதன் மேலேயே பட்டினத்தில் உயர்ந்த பெற்றோலை நிரப்பிக்கொண்டு போனான்.

ஞாயிறு பூசை முடிந்து நான் நிலக்சனாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய போன் வந்தது. குசினி வரைக்கும் குரல் கேட்டது.

"பதினாலு தசம் இரண்டு."

"பொய்."

"கடதாசியிலை அடிச்சுத் தந்திருக்கினம்."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாள்.

"அப்ப இனி வெளிக்கிடுறியளோ?"

"எட்டுப் பேரிலை ஒராளா எடுத்திருக்கினம். பின்னேரம் திரும்ப ஓடவேணும். அஞ்சு லீற்றரும் முடிஞ்சுது. மாமாவின்ரை கான்தான் கிடக்கு."

"அதுக்குள்ளை இரண்டு விரல் கிடக்குமே."

"ஓம்."

கடற்காரன் பிள்ளை, அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

"ஆரிட்டையும் வாங்க ஏலாதோ?"

"ஆரைக் கேக்கிறது? எனக்குச் சிங்களமும் வராது. கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

"திருகைக் குறைச்சுப் போட்டு ஓடினால்?"

"குறைச்சு ஓடுறதிலும் பாக்க ஓடாமல் வரலாம். நீர் சொல்லும். இப்ப வெளிக்கிட்டனெண்டால் விடியக் காலமை வந்திடுவன். செவ்வாய்க்கிழமை..."

"செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "ஓடிட்டு வாங்கோ."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏழு வருசம் ஆரின்ரையோ சில்லுக்கு நட்டு இறுக்கின மனிசன், பெரியம்மா," என்றாள். நான் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன். அது சரியா பிழையா என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது சில நேரம் நினைக்கிறேன்.

பின்னேர ஓட்டத்தில் நூறு மீற்றர் மிச்சம் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டதாம். சல்லிக் கல்லைத் தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்கினது போல. காலை எடுத்திருந்தால் என்ஜின் தப்பியிருக்கும் என்று அவனே சொன்னான். பக்கத்துக் கார் அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் ஒருதரம் ஒருவன் அவனுக்குப் பின்னால். அவன் காலை எடுக்கவில்லை. கோடு வருமுன்னம் புகை கண்ணாடியை மூடியது. மற்றக் கார் முந்திக்கொண்டு போனது. பிஸ்டனிலே விரல் போகிற துவாரம் விழுந்து, அது நின்ற சிலிண்டரும் வெடித்துவிட்டது.

காரைக் கட்டி இழுத்து அந்த ஊர்க் கராஜ் ஒன்றின் வளவுக்குள் விட்டுவிட்டுப் பஸ்கள் மாறி மாறி ஏறி வந்தான். வந்து சேரச் செவ்வாய் விடிந்துவிட்டது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அவன் இறங்க, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நிலக்சனா ஊர்காவற்றுறைப் பஸ்ஸால் இறங்கினாள். யாகப்புதான் முதலில் கேட்டார்.

"என்ரை கான் எங்கை, தம்பி?"

"காருக்கை கிடக்கு, மாமா."

"அடியிலை விட்டனீரோ?"

"இல்லை. முழுக்க ஊத்திட்டன்."

யாகப்பு தலையை ஆட்டினார். அதுதான் காரணம் என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். அவரோடு யார் வாதாடுவது?

நிலக்சனா கேட்டாள், "அந்தக் கடதாசி எங்கை?"

சேட்டுப் பொக்கற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பதினாலு தசம் இரண்டு. அவள் அதை மடித்துத் தன்னுடைய ஆசுப்பத்திரிக் கொப்பிக்குள் வைத்தாள். "கோழியை முந்திட்டியள்," என்றாள்.

அந்த மாதிரி என்ஜின் இப்போது இலகுவில் கிடைக்காதாம். தேடினான். கொழும்பு வரைக்கும் ஆள் விட்டான். மூன்றாம் மாதம் அந்தக் கராஜ்காரர் வளவு தேவை என்று சொன்னார்கள். ஆறாம் மாதம் இவன் போய்ப் பார்த்தபோது சில்லும் கதவும் இல்லை. சங்கையும் யாரோ கழற்றியிருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தான். இப்போது மாமனோடு தொழிலுக்குப் போகிறான். கார் என்ற சொல்லை அவன் வாயால் நான் கேட்டுக் கனநாள்.

சொந்தக்காரர் நாங்கள் கொஞ்ச நாள் ஓட்டோ பிடித்துக் கொடுத்தோம். வாரத்துக்கு இரண்டு தரம், முடிவில்லாமல் யாரால் ஏலும்? திரும்பவும் பஸ். கொண்டக்டர் தயாபரன் நல்ல பொடியன், முன் சீற்றை அவளுக்கென்று மறித்து வைப்பான். என்றாலும் வரும்போது படுக்க ஏலாது. வந்ததும் விறாந்தையில் கிடக்கிற அந்தக் கார் சீற்றில் சரிந்துவிடுவாள். ஜெகதீஸ் அதற்குக் கீழே நாலு கல் வைத்து உயர்த்திக் கொடுத்திருக்கிறான். பேணியைத் திறந்து அந்த நாலு போல்ற்றுக்கும் மாதம் ஒருதரம் எண்ணெய் போடுகிறான்.

"ஏன் உதுக்கு எண்ணெய்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"உப்புக் காத்து. கறள் பிடிச்சிடும்."

"பிடிச்சால் என்ன?"

அவன் பேணியை மூடினான்.

மார்கழி மழையில் இரண்டு முறை பஸ் ஓடவில்லை, இரண்டு கழுவல் தவறியது. பிறகு பஸ் ஓடியும் ஒரு வெள்ளி அவள் எழும்பவில்லை. வாரத்துக்கு மூன்று தரம் வரவேண்டும் என்று டாக்குத்தர் எழுதிக் கொடுத்தார். ஒருதரம் போகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை விடிய நான் கோயிலுக்குப் போகிற வழியில் அங்கே எட்டிப் பார்த்தேன். அவள் சேலை உடுத்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கார் சீற்றில் சாய்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஜெகதீஸ் வாசற்படியில் இருந்தான். கோயிலடிச் சந்தியில் பஸ் வந்து நின்றது. தயாபரன் ஹோர்ன் அடிப்பித்தான். ஒருதரம். கொஞ்சம் பொறுத்து இன்னொருதரம்.

"போவமே?" என்று ஜெகதீஸ் கேட்டான்.

"இண்டைக்கு ஏலாதப்பா. வெள்ளிக்கிழமை பாப்பம்."

அவன் எழும்பி றோட்டுக்குப் போய் கையை அசைத்தான். பஸ் வெளிக்கிட்டுப் போனது. திரும்பி வந்து அவளுடைய காலைத் தூக்கி சீற்றின் மேல் வைத்தான். தலை வலப்பக்கம். தலையணையைச் சரிசெய்துவிட்டு, யன்னல் இருந்திருக்கவேண்டிய பக்கத்தில், தரையில் இருந்தான்.