கறுப்புக் கோதுமை மாவும் நாமக்கல் முட்டையும்

என் வீட்டுக்காரர் கோபம் வந்தால் பேசமாட்டார். எழுந்து போய்க் கோழிப் பண்ணைக்குள் நின்றுகொள்வார். கட்டினால் கூட வேலை பார்க்கிற பிரெஞ்சுக்காரப் பையனைத்தான் கட்டுவேன் என்று மகள் போனில் சொன்ன அன்றைக்கு, மத்தியானச் சோற்றுக்குக்கூட அவர் வெளியே வரவில்லை. எனக்கு அப்படியில்லை. கோபம் வந்தால் வாய்தான் முன்னால் போகும். "ஏனுங்க, கோழிகிட்டச் சொன்னா அது போயி உங்க புள்ளைக்குப் புத்தி சொல்லுமா?" என்று ஷெட் வாசலில் நின்று கத்தினேன். கோழிகள்தான் திரும்பிப் பார்த்தன.

மகள் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் முடித்தவள். மேற்படிப்புக்குப் பிரான்ஸ் போய், மேற்குக் கடற்கரையில் பிரெஸ்ட் என்கிற துறைமுக ஊரிலேயே வேலையும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பகுதிக்கு பிரெத்தாஞ் என்று பெயர். பிரான்ஸ் என்றால் இரும்புக் கோபுரமும் சென்ட் பாட்டிலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வீடியோவில் காட்டியதெல்லாம் மழை, பாறை, ஆளைத் தள்ளும் காற்று. ஒருநாள் கடலைக் காட்டுகிறேன் பார் என்று போனைத் திருப்பினாள். கடலையே காணோம்! கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு, அதில் படகுகள் சாய்ந்து கிடந்தன.

"இதென்ன கண்ணு, பனமரத்துப்பட்டி ஏரி வத்துனாப்புல இருக்குது?"

"இருங்கம்மா, அப்புறம் கூப்புடறேன்."

மறுபடி கூப்பிட்டபோது அதே இடத்தில் தண்ணீர் கரைச்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. தினமும் இரண்டு தடவை இப்படிப் போய்ப் போய் வருமாம். "அட சாமி!" என்று வாயைப் பிளந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நின்று இவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியதும் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

போன தை மாதம் மகளோடு அந்தப் பையனும் அவன் அப்பா அம்மாவும் நேரில் வந்து பெண் கேட்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீடு தேடி வருகிறவர்களை வராதே என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டுக் கறாராகச் சொன்னார்: "காப்பி குடு, போதும். எலை கிலை போட்றாத. அவிங்க கை நனைச்சாங்கன்னா பேச்சு முடிஞ்ச மாதிரி."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், முடிவாகும்வரை யாரும் சாப்பிடமாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். "கடல் தாண்டி வர்றவிங்களுக்கு வெறுங்காப்பியா? மானம் போகுதுங்க!" என்று எரிந்து விழுந்தேன். அவர் அசையவில்லை. அப்பா வேண்டாம் என்றால் கட்டமாட்டேன், ஆனால் வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று மகள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வந்தார்கள். காப்பி குடித்தார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. திடீரென்று பையனின் அம்மா பையிலிருந்து ஒரு மாவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவங்க ஊர்ப் பலகாரம் செஞ்சு தரட்டுமான்னு கேக்கறாங்கம்மா, என்றாள் மகள். இலை போடக்கூடாது என்றுதானே உத்தரவு? அடுப்பைப் பற்றவைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! தோசைக்கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

மாவு சாம்பல் நிறத்தில் இருந்தது. கறுப்புக் கோதுமை என்று பெயராம், ஆனால் கோதுமையே இல்லையாம். அந்தப் பாறை நிலத்திலும் மழையிலும் நல்ல கோதுமை சரியாக விளையாததால், ஏழைபாழைகள் இதை விதைத்துத்தான் வயிற்றைக் கழுவினார்களாம். "நம்ம கம்பு, சோளம் கணக்கா" என்றேன். அந்த அம்மா மாவைக் கரைத்து மெல்லிசாக ஊற்றி, உப்புப் போட்ட வெண்ணெய் தடவி, நடுவில் எங்கள் பண்ணை முட்டை ஒன்றை உடைத்துவிட்டு, நாலு பக்கமும் மடித்தார். வாசம் கூடத்துக்குப் போயிற்று. சுடச்சுட முதல் தட்டை இவர் கையில்தான் கொடுத்தார்.

கூடத்தில் பையனின் அப்பா பேசிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருகாலத்தில் அவர்கள் பகுதியில் நெய்த துணி கப்பலேறிப் போனதையும், அந்தக் காசில் ஊருக்கு ஊர் கல்லால் கோயில் கட்டியதையும் சொன்னார். இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த மனுஷர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்கென்று பிரெத்தோன் என்று ஒரு பாஷை உண்டாம். அது பிரெஞ்சு இல்லையாம். பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினான் என்று, சின்னப் பையனாக இருந்த அவர் அப்பாவின் கழுத்தில் பழைய மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். அதனாலேயே அவர் தன் பிள்ளைகளுக்கு அந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுக்கவேயில்லையாம்.

"அடப்பாவிகளா!" என்றார் இவர். வந்தவர்கள் முன்னால் அன்று அவர் பேசிய முதல் வார்த்தை. "இந்தப் புள்ளையவும் தமிழ் பேசுனான்னு கிளாசுக்கு வெளிய நிக்க வெச்சாங்க. நான் போயி அந்தப் பள்ளிக்கூடத்தையே ரெண்டு பண்ணிட்டன். சொல்லு சாமி அவருகிட்ட!"

மகள் சொன்னாள். அந்த மனுஷர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இப்போது அங்கே ரோட்டுப் பலகையில் ரெண்டு பாஷையும் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் பள்ளியிலேயே அதைப் படிக்கிறார்கள், நானும் இந்த வயதில் வகுப்புக்குப் போகிறேன் என்றார். இவர் கேட்டுக்கொண்டே மென்றுகொண்டிருந்தார். நான் தட்டைப் பார்த்தேன். தட்டு காலி.

"ஏனுங்க! நீங்க கை நனைச்சுட்டீங்க!"

அவர் கையைப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! "அதெல்லாம் அவிங்க ஊட்டுல தின்னாத்தான். இது நம்மூடு."

"மாவு அவிங்க ஊட்டு மாவுங்க."

"முட்டை நம்முளுது!"

"ரெண்டும் சேந்து வெந்து உங்க வயித்துக்குள்ள போயிருச்சு. இப்பப் பிரிச்சுக் குடுங்க பாக்கலாம்."

மகள் இதையும் ஒருவரி விடாமல் மொழிபெயர்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவப் போவார், அப்படியே ஷெட்டுக்குள் போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. மகளைப் பார்த்து, குரல் இறங்கக் கேட்டார்.

"நாளைக்கு உனக்குக் கொழந்தை பொறந்தா, அது எங்கிட்ட என்ன பாஷையில சாமி பேசும்?"

இத்தனை மாதமாக அந்த மனுஷன் கோழிகளோடு நின்று எதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்ததிலிருந்து வணக்கம் தவிர வாய் திறக்காத பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிச் சொன்னான்.

"தமிழுங்க. நானும் பேசுவேனுங்க, மாமா."

"மாமான்னா யாருன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்பச் செரி" என்றார் இவர்.