வெங்கிட்டுவின் பட்டன்

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில்தான் எங்கள் கம்பெனி. 2006இல் நாங்கள் முப்பது புரோகிராமர்கள். எழுதியதை ஓட்டிப் பார்க்க எவனுக்காவது சர்வர் வேண்டுமென்றால், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வெங்கிட்டுவின் மேசை முன்னால் போய் நிற்கவேண்டும். மூன்று நாள் ஆகும். சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாள்.

அவன் அப்பாவுக்குத் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. குழாயைத் திறக்கிறவனுக்கு என்ன மரியாதை என்று பார்த்தே வளர்ந்தவன்.

புது மேனேஜர் ஷமீனா இதை இரண்டே வாரத்தில் மோப்பம் பிடித்துவிட்டாள். "வெங்கிட்டு, இனி யாரும் உங்க முன்னால வந்து நிக்கக் கூடாது. அவங்களே சர்வர் எடுத்துக்கற மாதிரி ஒரு பேஜ் பண்ணுங்க. ஓணத்துக்குள்ள எல்லாரும் அதை உபயோகிக்கலைன்னா, வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடுவேன், கேட்டோ."

"அப்ப நான்?"

"அப்புறம் நீங்க எதுக்கு?"

பேஜ் செய்தான். கொழுப்பைப் பாருங்கள், அதில் பதினேழு கேள்விகள். பாதிக்கு விடை அவன் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. எப்படியோ நிரப்பிப் பட்டனை அமுக்கினால் திரையில் வந்தது: "வெங்கிட்டுவைப் பார்க்கவும்." போய்ப் பார்த்தோம். வரிசை முன்பைவிட நீண்டது. வெங்கிட்டு துரைக்கு ஒரே சந்தோஷம்.

ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஷமீனா வெளிக் கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசியது அவன் காதில் விழுந்தது. முகம் வெளிறிவிட்டது. வீட்டில் மனைவி சந்தனமாரிக்கு ஏழு மாதம்.

அன்றே ஸ்டூலை இழுத்துப்போட்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தான். என் பக்கத்து சீட் அனூப் எந்தக் கேள்வியில் தலையைச் சொறிந்தானோ அதை நீக்கினான். பதினேழு மூன்றாகியது. "வெங்கிட்டுவைப் பார்க்கவும்" என்ற கடைசி வரியை எடுக்க மட்டும் மனசு வராமல் ஒரு நாள் முழுக்க இழுத்தடித்தான்.

"அது மட்டும் இருக்கட்டேடா," என்று என்னிடம் கெஞ்சினான். எனக்கே பாவமாக இருந்தது.

"எடுத்துக் களைடா," என்றேன். எடுத்தான்.

பட்டனை அமுக்கினால் இரண்டு நிமிடத்தில் சர்வர் கிடைத்தது. வேலை தப்பியது. சந்தனமாரிக்குப் பெண் பிறந்தபோது, ஆறு வருடத்தில் முதல்முறையாக லீவு போட்டான், பன்னிரண்டு நாள். திரும்பி வந்தவன் ஜிலேபிப் பெட்டியோடு நேராக அனூப்பிடம் போனான்.

"நான் இல்லாம ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாடே?"

அனூப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் சேட்டா, இன்னைக்கு லேட்டாவா வந்தீங்க?"