மோட்டார் சுற்றிய பக்கம்

மாரியூருக்குப் பக்கத்தில் ஓர் இறால் பண்ணையில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், அங்கிருந்த காவலாளியைத் திருடர் என்று முடிவு கட்டினேன். அவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். என்னை மேடம் என்பார். நான் அவரை அண்ணே என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு குறைவு.

கடலிலிருந்து தண்ணீர் இழுக்கும் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், அந்தக் காயில், எரிந்துபோயிருந்தது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிக் கொண்டுபோய், புதுக் காயில் கட்டி, கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தண்ணீர் குறைந்தது. ஒரு பகலில் நிரம்ப வேண்டிய குளம், அளவுக் கம்பில் பாதிகூட ஏறவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது, வேகம்தான் இல்லை. அந்தக் குழாய் வழியில் பக்கத்துப் பண்ணைக்குத் திரும்பும் ஒரு பழைய வால்வு உண்டு. அந்தப் பண்ணையில் வேலை பார்த்தவர் நம் காவலாளியின் மச்சினர். அவர் வால்வைத் திறந்து தண்ணீரை அங்கே விடுகிறார் என்று நினைக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வால்வின் பிடிமேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தேன். மறுநாள் கோடு அசையாமல் இருந்தது. திறந்துவிட்டுப் பழையபடி கோட்டுக்கு நேராகவே மூடியிருப்பார், விவரமான ஆள் என்று நினைத்தேன். வேலியோரம் மச்சினரோடு பேசிக்கொண்டு நின்றால் ஏதோ திட்டம் என்று பட்டது. பேசாமல் இருந்தால் எனக்குப் பயந்து ஒதுங்குகிறார் என்று பட்டது.

மோட்டார் மாறிச் சுற்றினாலும் தண்ணீர் குறையும் என்று எனக்குத் தெரியும். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், கடிகாரச் சுற்றுதான் என்றார். பம்பின் முகத்தில் இருந்த அம்புக்குறியும் கடிகாரச் சுற்றைத்தான் காட்டியது. சரி, மோட்டார் மேல் குற்றமில்லை.

ஆனால் காவலாளி வேறு மாதிரி சொன்னார். "மோட்டாரு மாறிச் சுத்துது மேடம். முந்தி நிப்பாட்டையில பாத்தா, கடல் பக்கம் ஏறி கரைப் பக்கம் எறங்கும். இப்ப கடல் பக்கம் எறங்குது."

கடலும் கரையும் எனக்கு வேண்டாம், கடிகாரச் சுற்றா எதிர்ச் சுற்றா என்று கேட்டேன். பம்பின் முன்னால் நின்றிருந்தவர் காற்றில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். எதிர்ச் சுற்று. நோட்டில் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் அவர் மோட்டாரின் மறுமுனையில், விசிறி இருக்கும் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தபோது அதையே மறுபடி கேட்டேன். இப்போது விரல் கடிகாரச் சுற்றில் போனது. ஒரே நாளில் இரண்டு பதில். துபாயில் இருந்த முதலாளியைக் கூப்பிட்டு, ஆள் மாற்றி மாற்றிப் பேசுகிறார் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குச் சாவியை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிடுங்கள் என்றார் அவர்.

காலையில் நான் கேட்கும் முன்பே காவலாளி சாவியை நீட்டினார். முதலாளி அவரையும் கூப்பிட்டிருக்கிறார். "வாங்கிக்கங்க. போறதுக்கு முந்தி ஒருக்கா நீங்களே நின்னு பாத்துருங்க" என்றார்.

போனோம். நான் விசிறிப் பக்கம் நின்றேன். அவர் என் அருகில் நிற்க விரும்பாமல் பம்புப் பக்கம் போய் நின்றார். சுவிட்சை அணைத்ததும் மோட்டார் வேகம் குறைந்து, சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. கடிகாரச் சுற்று. எலக்ட்ரீஷியன் சொன்னது சரி. நிமிர்ந்து பார்த்தால், எதிரே அவர் விரல் எதிர்ச் சுற்றில் வட்டம் போடுகிறது. கண்ணுக்கு முன்னாலேயே பொய் சொல்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. கையும் களவுமாகப் பிடிக்க அவர் பக்கம் போய் நின்று, மறுபடி ஓட்டி அணைக்கச் சொன்னேன்.

அங்கிருந்து பார்த்தால் அது எதிர்ச் சுற்றுதான்.

பாலிடெக்னிக்கில் திருப்புத்திறன் கணக்குகள் எத்தனையோ போட்டிருக்கிறேன். கடிகாரச் சுற்றுக்கு ஒரு குறி, எதிர்ச் சுற்றுக்கு இன்னொரு குறி. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தாளில் வரைந்த படத்துக்குப் பின்பக்கம் கிடையாது. வலது கை விரல்களைச் சுற்றும் பக்கமாக மடக்கினால் கட்டைவிரல் அச்சின் திசையைக் காட்டும் என்று வாத்தியார் சொன்னார். அதைத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது மோட்டாருக்கு மேல் கையை மடக்கிப் பிடித்தேன். கட்டைவிரல் பம்பைக் காட்டியது. பம்பின் முன்னால் நின்று பார்க்க வேண்டிய அந்த அம்புக்குறிப்படி அது விசிறியைக் காட்ட வேண்டும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கையின் திசை மாறவில்லை. அவர் சொன்ன கடல் பக்கமும் கரைப் பக்கமும் அப்படித்தான் மாறாதவை. எலக்ட்ரீஷியன் விசிறிப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியனே வந்து, சுற்று திரும்புவதற்காக மூன்று ஃபேஸ் வயர்களில் இரண்டை இடம் மாற்றிப் போட்டார். ஸ்டார்ட்டரை அழுத்தியதும் தண்ணீர், குழாய் விழும் வாய்க்காலின் எதிர்க்கரையில் போய் அடித்தது.

காவலாளியிடம் தப்பு என்னுடையது என்றேன். அவர் செல்போனை எடுத்துக் காட்டினார். நான் சாக்பீஸ் கோடு போட்ட வால்வு. நாளுக்கு இரண்டு போட்டோ.

"நீங்க கோடு போட்ட அன்னைக்கே பாத்துட்டேன். என்னைய அனுப்பத்தான் ஒங்கள வேலைக்கு வச்சிருக்காகன்னு நெனச்சேன். கோட்ட நீங்களே அழிச்சிட்டு எம்மேல போட்டா நான் என்ன செய்ய?"

அவர் முன்னாலேயே முதலாளியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். முதலாளி அவரை இருக்கச் சொன்னார். கூடவே, எதற்கும் பம்பு ரூமில் ஒரு கேமரா மாட்டிவிடுங்கள் என்றார். அதுவும் ஸ்பீக்கரில்தான் கேட்டது. மாட்டினோம்.

அதன்பின் அவர் எந்த வால்வைத் தொட்டாலும் முதலில் என்னைக் கூப்பிடுவார். நான் போய் நிற்பேன். இறால் பிடித்து முடிந்த வாரம், இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். இருங்கள் அண்ணே என்றேன்.

"கோவம்லாம் இல்ல மேடம். இங்கன எல்லாத்துக்கும் ஒரு சாட்சி வச்சே வேல பாக்க வேண்டியிருக்கு. அலுத்துப்போச்சு."

மதிய பஸ்ஸுக்கு அவரோடு ரோடு வரை நடந்து போனேன்.