எதுவும் எதையும் தின்னாத படம்

சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டும் படத்தில் எதுவும் எதையும் தின்னக் கூடாது என்பது ஜானகியம்மாளின் சட்டம். யாரும் தண்ணீரில் விழக் கூடாது. தாய் மிருகம் குட்டியை விட்டுப் போகக் கூடாது. போனாலும் அது திரும்பி வராமல் படம் முடியக் கூடாது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மகளிர் மன்றம் நடத்திய பாலர் பள்ளி அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஜன்னல்களில் கறுப்புப் போர்வையைக் கட்டிவிட்டுப் பிள்ளைகளுக்கு டாகுமெண்டரி போடுவார்கள். சென்னையிலிருந்து தகர டின்களில் படம் வரும். புரொஜக்டரைக் கொளஞ்சியப்பன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். எந்தப் படம் என்று முடிவு செய்வது மட்டும் ஜானகியம்மாள். அணைக்கட்டு, உப்பளம், ஒட்டு மாங்கன்று என்று பார்த்துப் பார்த்து வரவழைப்பாள். பாதிப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்கிவிடும்.

“எனக்கே கண்ணு சொக்கிக்கினு போவுது டீச்சர். ஒரு மானு, மயிலு, ஏதாச்சும் போடக்கூடாதா?” என்பார் கொளஞ்சியப்பன்.

“மானைப் போட்டா பின்னாடியே புலி வரும். தூங்குற பிள்ளை பயப்படாது. நீங்க ஓட்டுங்க.”

சட்டங்களை அவள் தன் மகன் மருதாசலத்தை வைத்துத்தான் போட்டிருந்தாள். பல்லியின் வால் அறுந்து துள்ளியதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடாத பிள்ளை அவன். கோழிக் கறிக்கடை வழியாகப் போனால் அவள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அவனைப் பயமுறுத்தாத படம் ஊரில் எந்தப் பிள்ளையையும் பயமுறுத்தாது என்பது அவள் கணக்கு. படம் ஓடும்போது அவன் அவள் மடியில்தான் இருப்பான். ஜானகியம்மாள் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, இந்தப் பள்ளியில் பெயரெடுத்தவள். பிள்ளைகளுக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை ஜானகி டீச்சரைக் கேட்கவேண்டும் என்று பிளாக்கில் தாய்மார் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். ஆனால் ஒரு சொல்லும் தவறாமல் காதில் விழும்.

எண்பத்தொன்றாம் வருஷம் பள்ளி திறந்தபோது தாஜுன்னிசா வேலைக்கு வந்தாள். பரங்கிப்பேட்டைப் பெண். கணவர் நாசர் மெயின் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். ஜானகியம்மாளைவிடப் பத்து வயது சிறியவள். வந்த மாதமே, “இந்தத் தடவை ஒரு கொக்குப் படம் போட்டுப் பார்ப்போமா டீச்சர்?” என்றாள்.

“கொக்கு மீனைத் திங்கும்.”

“திங்கத்தான் செய்யும். முன்னாடியே சொல்லிட்டா?”

முதல் நாள் சாயங்காலமே கொளஞ்சியப்பனை வரச்சொல்லிப் படத்தை ஓடவிட்டுப் பார்த்தாள் தாஜுன்னிசா. மறுநாள் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் தொடங்குமுன்பே முழுக்கதையும் சொன்னாள். கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். அதற்குப் பசி. ஒரு மீனைப் பிடிக்கும். பார்க்கப் பிடிக்காதவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம். “போயிடுச்சு” என்று நான் சொன்னதும் திறக்கலாம்.

மீன் வரும் இடத்தில் அத்தனை பிள்ளைகளும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டன. “போயிடுச்சு” என்றதும் ஒரே சிரிப்பு. மருது விரல் இடுக்கு வழியாகப் பார்த்தான். ஜானகியம்மாள் அதைக் கவனித்தாள். அவன் அவள் மடியில் இருந்துகொண்டு பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அவன் தாஜுன்னிசாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் தாஜ் டீச்சர். தாஜ் டீச்சர் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவார்களாம். பாம்புக்குக் காது இல்லையாம், தாஜ் டீச்சர் சொன்னார்களாம். அவன் சட்டையைத் துவைக்கப் போடும்போது அதில் வேறு பவுடர் வாசம் அடித்தது. ஜானகியம்மாள் ஒருமுறைக்கு இருமுறை முகர்ந்துவிட்டு, சோப்பைக் கூடுதலாகவே தேய்த்தாள்.

“தலை வலிக்குதும்மா, மெதுவா சீவு” என்று மருது ஒருநாள் சொன்னான். அப்போதுதான் தன் கை சீப்பை எவ்வளவு அழுத்துகிறது என்று அவளுக்கே தெரிந்தது.

மன்றத்தின் செயலாளர் கமலா, ஒரு என்ஜினியரின் மனைவி. நவராத்திரிக்கு முன் ஒருநாள் வந்து, “இப்பல்லாம் பிள்ளைங்க சனிக்கிழமை எப்போன்னு கேக்குதுங்களாமே. படம் தேர்ந்தெடுக்கிற வேலையைத் தாஜுன்னிசாவே பார்க்கட்டுமா ஜானகி? உங்களுக்கும் பாரம் குறையும்” என்றாள்.

“எனக்கு ஒரு பாரமும் இல்லைங்க” என்றாள் ஜானகியம்மாள். “வர்ற மாசம் என் படத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.”

அவள் வரவழைத்தது நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றிய படம். அதில் கொக்கு இல்லை, மீன் இல்லை, ரத்தம் இல்லை. மண்ணும் மெஷினும்தான். அதோடு எல்லாப் பிள்ளைகளின் அப்பாக்களும் வேலை செய்யும் இடம். பரங்கிப்பேட்டைக்காரிக்கு இது தோன்றுமா என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை தாஜுன்னிசா கேட்டாள்: “ஒருதடவை போட்டுப் பாத்துடலாமா டீச்சர்?”

“எங்க வீட்டுக்காரர் சுரங்கத்துல தினம் மண்ணு வெட்டுற பக்கெட் வீல் மெஷின் ஓட்டுறார். அதை நான் என்னத்தப் போட்டுப் பார்க்கிறது? உள்ள பாம்பா இருக்கு?”



உண்மையில் ஜானகியம்மாள் சுரங்கத்தைப் பார்த்தது ஒரே ஒருமுறை, ஆயுத பூஜையன்று, மேட்டில் நின்று. தூரத்தில் பொம்மைகள் மாதிரி ஏதோ நகர்ந்தன. அமைதியான பள்ளமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் கமலாவும் சில தாய்மாரும் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் முதலில் ஷிப்ட் பஸ் வந்தது. பிள்ளைகள் கைதட்டின. ஹெல்மெட் போட்ட ஆட்கள் இறங்கி நடந்தார்கள். “எங்கப்பா, எங்கப்பா” என்று ஆளாளுக்கு ஒருவரைக் காட்டின. ஜானகியம்மாள் திரும்பிக் கமலாவைப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த காட்சியில் சக்கரம் வந்தது. வீடு உயரச் சக்கரம், சுற்றிலும் பல் வைத்த வாளிகள். சுவர் முழுக்க அதுதான். கடித்தது, விழுங்கியது, மறுபடி கடித்தது. அதன் கீழே ஹெல்மெட் ஆட்கள் எறும்பாக நடந்துகொண்டிருந்தார்கள். பிறகு மறுபடி சக்கரம் மட்டும். ஆட்கள் இல்லை.

“மனுசங்களக் காணோம்” என்றது ஒரு பெண்பிள்ளை, தெளிவாக.

கைதட்டல் நின்றது. படத்தில் இப்போது பெல்ட் ஓடியது. கறுப்பாக எதையோ சுமந்துகொண்டு ஓடி, ஒரு பெரிய கட்டடத்துக்குள் போய், கடைசியில் நெருப்பில் கொட்டியது. ஒரு பிள்ளை “அப்பா” என்று வீறிட்டது. அதைப் பார்த்து அடுத்தது. கூடமே அழுதது.

“நிறுத்திடட்டுமா டீச்சர்?” என்றார் கொளஞ்சியப்பன்.

“வேணாம், ஓட்டுங்க. ஆளுங்க மறுபடி வருவாங்க” என்றாள் ஜானகியம்மாள். எப்படியும் வருவார்கள் என்றே நம்பினாள். வரவில்லை. பல்புகள் எரியும் ஒரு ஊரைக் காட்டிவிட்டுப் படம் முடிந்தது. அதற்குள் தாஜுன்னிசா பிள்ளைகளை வாசலுக்கு அழைத்துப் போயிருந்தாள். மருது அவளிடமும் போகவில்லை, அம்மாவிடமும் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான்.

அன்று அவள் கணவர் சிங்காரவேலுவுக்கு செகண்ட் ஷிப்ட். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தால் பூட்ஸைக் காணோம். மருது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் படுத்திருந்தான்.

“கண்ணு, அது மண்ணத்தான் வெட்டும். மனுசன ஒண்ணும் பண்ணாது” என்றார் அவர், தரையில் குனிந்து.

“நீ படத்துல நடந்து போன. அப்புறம் காணோம்.”

“அது நானில்ல சாமி. உங்கம்மாவக் கேளு.”

“அம்மாவுக்குத் தெரியாது. அம்மா முன்னாடியே பாக்கல.”

சிங்காரவேலு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் டிபன் கேரியரின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். அழும் பிள்ளையிடமிருந்து பூட்ஸைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார். மருது மாலைவரை ஜன்னலை விட்டு நகரவில்லை. சோறு பிசைந்து கொண்டுபோனாள்; வாயைத் திறக்கவில்லை. தாஜ் டீச்சரைக் கூட்டிவரட்டுமா என்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, கேட்டும் பார்த்தாள். அதற்கும் தலையாட்டவில்லை. “அவங்களும் பாக்கல. நீ காட்டல” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தாஜுன்னிசா வீட்டுக்குப் போனாள். நாசர் நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தாஜுன்னிசா டீ கொண்டுவந்து வைத்தாள்.

“ராத்திரி அவர் வீடு வந்த பின்னாடியும் மருது சாப்பிட மாட்டேங்கறான்” என்றாள் ஜானகியம்மாள்.

“நான் சொன்னப்பவே பாத்திருக்கலாம்.”

“சொல்லிக்காட்டத்தான் டீ குடுத்தியா?”

“சொல்லிக்காட்டாம? அத்தன பிள்ளைங்களுக்கும் வாசல்ல வச்சு மூக்குத் தொடச்சது யாரு? நீங்க உள்ள நின்னு படம் பாத்துக்கிட்டிருந்தீங்க.” தாஜுன்னிசா டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். “ஆறுது, குடிங்க. நாளைக்குக் கொளஞ்சியப்பன வரச் சொல்வோம்.”

திங்கட்கிழமை பள்ளி விட்டபின் இருவரும் பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்கள். இந்த முறை ஜானகியம்மாள் கமலாவைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்தாள். ஒரு பல்லே சிங்காரவேலுவின் தோள் அகலம் இருந்தது. இத்தனை வருஷமாகத் தயிர்சாதம் கட்டிக்கொடுத்து இதற்குத்தான் அனுப்பினோமா என்று நினைத்துக்கொண்டாள்.

“இதுல ஒங்க வீட்டுக்காரர் எங்க உக்காருவார்?” என்று கேட்டாள் தாஜுன்னிசா.

ஜானகியம்மாளுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எங்கேயாவது விரலைக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். “கேட்டதில்ல” என்றாள்.

“அப்ப அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க. எனக்கும் தெரியாதே.”

அடுத்த சனிக்கிழமை சிங்காரவேலு லீவு போட்டார். பாதிப் பிள்ளைகளை அவற்றின் தாய்மார் அனுப்பவில்லை. வந்தவை கதவோரமாகவே உட்கார்ந்தன. ஹெல்மெட்டும் பூட்ஸுமாக அவர் சுவரோரம் நின்றார். புரொஜக்டர் வெளிச்சம் அவர் சட்டைமேல் விழுந்து, சக்கரம் அவர் முதுகில் சுற்றியது.

“ஏனுங்க, பல்லு பக்கமா நிக்காதீங்க” என்று ஜானகியம்மாள் தன்னை மீறிச் சொல்லிவிட்டாள். கொளஞ்சியப்பன் முதலில் சிரித்தார். பிறகு பிள்ளைகளும்.

அவர் குச்சியால் காட்டினார். இது கேபின், இங்கேதான் உட்காருவேன். பல் அங்கே, முன்னால், தூரத்தில். கீழே நடப்பவர்கள் அந்த ஏணியில் ஏறி மேலே வந்துவிடுவார்கள், அதனால்தான் காணோம். பெல்ட்டில் போவது கரி. மனிதன் ஏற முடியாது, ஏறினால் போர்மேன் திட்டுவார்.

“டிபன் எங்க சாப்புடுவீங்க?”

“கேபின்லயே.”

“ஒண்ணுக்கு வந்தா?”

சிங்காரவேலு தலையைச் சொறிந்துகொண்டு மனைவியைப் பார்த்தார். கதவோரம் இருந்தவை ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்தன. நெருப்பு வந்தபோது யாரும் கண்ணைப் பொத்தவில்லை. மருது அப்பாவின் பூட்ஸ்மேல் உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் கமலா வந்தாள். ஜானகியம்மாள் அவளைப் பேச விடவில்லை. “இனிமே படத்தைத் தாஜுன்னிசாவே தேர்ந்தெடுக்கட்டுங்க” என்றாள். “ஆனா வெள்ளிக்கிழமை போட்டுப் பார்க்கும்போது நானும் உக்காருவேன். எனக்கு ஆகாதுன்னு பட்டா சொல்வேன்.”

“நீங்க சொல்லாம எப்ப இருந்தீங்க?” என்றாள் தாஜுன்னிசா.

வெளியே மருது அப்பாவின் சைக்கிள் பாரில் ஏறிக்கொண்டிருந்தான். ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருந்தது. இரண்டு டீச்சர்களும் வராந்தாவில் நிற்பதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டான் டீச்சர்” என்றாள் தாஜுன்னிசா.

ஜானகியம்மாள் சைக்கிள் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பசிச்சா எங்கிட்டத்தான் வரணும்” என்றாள்.