முன்பற்களின் நடுவே விழுந்த சந்து

என் தங்கை ஜெனிக்கு ஒன்பது வயது. மேல்தாடை குறுகலாக இருந்ததால் மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தவில்லை. சப்பாத்தியைக்கூட ஊறவைத்துத்தான் உண்பாள். "எலும்பு இறுகறதுக்குள்ள விரிச்சிடணும். விட்டா அப்புறம் ஆபரேஷன்தான்," என்றார் முகப்பேரில் நாங்கள் பார்த்த பல் மருத்துவர்.

அண்ணத்தில் ஒரு திருகுக் கருவியைப் பொருத்தி, அதை நாள்தோறும் சிறு சாவியால் திருப்பச் சொன்னார்கள். தன்னால் ஆகாதென்று அம்மா சாவியை என்னிடம் தந்துவிட்டார். ஜெனி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நீ இன்னா டாக்டரா? தமிழ் படிக்கிறவதானே! கிட்ட வராத."

பிறர் முன்னால் வாய்விட்டு ஜெபித்துப் பழகாதவள் நான். அன்று அவளெதிரே மண்டியிட்டேன். "ஆண்டவரே, இவளுக்குத் தைரியம் தாரும், என் கையை உறுதியாக்கும், இந்தத் தாடை விரியட்டும்." கண் திறந்தபோது அவள் வாயும் திறந்திருந்தது.

"ஆமென் சொல்லத்தான் தொறந்தேன். சரி, சீக்கிரம் திருப்பு."

அன்றுமுதல் அதுவே எங்கள் ஒழுங்கு: ஜெபம், ஆமென், சாவி. மூக்குத்தண்டு வலித்து அவள் அழுத நாள்களிலும் விடவில்லை. ஆனால் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கேட்கப்படாத ஜெபமோ என்று மனம் சோர்ந்தது.

பிறகு ஒரு காலை, அவளுடைய முன்பற்கள் விலகியிருந்தன. கரையான்சாவடியில் நடந்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த எஸ்தர் ஆன்ட்டி பதறினார். "இன்னாடி இது, பல்லுக்கு நடுவுல சந்து வுழுந்துகீது!" எல்லோரும் ஜெனியின் தலையில் கைவைத்து, சந்து மூடவேண்டுமென்று உருக்கமாக ஜெபித்தார்கள்.

"இனிமே சாவி வேணாம்," என்றார் அம்மா.

நிறுத்த எனக்கு மனமில்லை. மருத்துவரை அழைத்தேன். அவர் சிரித்தார். "மொத நாளே சொன்னேனேம்மா, பதட்டத்துல மறந்துட்டீங்க. எலும்பு விரிஞ்சதுக்கு அதுதான் அடையாளம். நிறுத்தாதீங்க."

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். எஸ்தர் ஆன்ட்டி வாயில் கைவைத்துக்கொண்டார். "அத மூடச் சொல்லியா அப்படி அழுதோம்? நல்லவேள, ஆண்டவரு கண்டுக்கல. ஸ்தோத்திரம்!"

சொன்ன காலம்வரை திருப்பினோம். தாடை விரிந்தது, அறுவை சிகிச்சை தேவையில்லை என்றார்கள். பிறகு அந்தச் சந்தும் தானாகவே மூடத் தொடங்கியது. ஆன்ட்டியின் ஜெபமும் வீணாகவில்லை. அதற்குரிய வேளைக்காகக் காத்திருந்தது. நேற்று ஜெனி முறுக்கைக் கடித்த சத்தம் அடுத்த அறைவரை கேட்டது. நான் ஸ்தோத்திரம் சொன்னேன், சத்தமாகவே.

கேட்டது கிடைக்கவில்லையென்று கலங்கி நிற்பவர்களே, அது உங்களுக்கு அடையாளம் தெரியாத வடிவில் வந்திருக்கலாம். ஆண்டவரை நம்புங்கள். ஜெபியுங்கள், ஆமென் சொன்ன கையோடு சாவியையும் எடுங்கள்.