கொரியாக்காரரின் முட்டி

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். காலைவிட வாயால்தான் அதிகம் ஆடுவேன். அந்த வாயில் அதிகம் அடிபட்டவர் ஒரு கொரியாக்காரர். தன் நாட்டுக்காகக் கால்பந்து ஆடி, பிறகு ஓர் அணிக்கு மேனேஜரானவர். ஃபோனில் அவரைப் பற்றி ஒரே ஒரு கட்டுரை படித்திருந்தேன், அதுவும் பாதி. மீதியை நானே அளந்துவிட்டேன். மாவட்ட அணியில் ஆடிவிட்டுப் பயிற்சியாளரான எனக்கு, அவரை என் அண்ணன் மாதிரி நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம்.

சிதம்பரத்தில் ஒரு போட்டி. எங்கள் கேப்டன் பக்கத்துக் குடிகாடு கிராமத்துப் பெண், கல்லூரியில் கடைசி வருடம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அது ஒன்றுதான் அவளிடம் இருந்த காரணம். இறுதி ஆட்டத்துக்கு முன் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"காலைல செமிஃபைனல்ல முட்டி திரும்பிக்கிச்சு சார். வீங்கியிருக்கு. நான் வெளிய உக்காந்துக்கவா?"

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோப்பை வேண்டும், அதை நேராகச் சொல்ல வெட்கம். எல்லோரையும் உட்காரவைத்துக் கொரியாக்காரர் கதையை ஆரம்பித்தேன். முட்டி பிசகியபோதும் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முழு ஆட்டமும் ஆடினாராம், அந்த மனசுதான் பின்னாளில் அவரை மேனேஜராக்கியதாம். அப்படி நான் எங்கேயும் படித்ததில்லை. பேசப் பேச என் கண்ணே கலங்கிவிட்டது, வெட்கக்கேடு.

அவள் ஷூவை மாட்டி லேஸைக் கட்டினாள்.

இரண்டாம் பாதியில், யாரும் இடிக்காமலே விழுந்தாள். கோப்பையும் வரவில்லை. முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து கடலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தவளைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தக் கொரியாக்காரருக்கு எத்தினி மாசத்துல சரியாச்சு சார்?"

"ஆறு மாசத்துலம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது. இப்போது எழுதும்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

இரண்டு வருடம் ஆகிறது. போலீஸ் தேர்வில் ஓட்டத்தில் அவளைக் கழித்துவிட்டார்கள். போன மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு, லேசாகக் காலைச் சாய்த்து நடந்து வந்தாள். பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

"அவுரு ஆறே மாசத்துல எழுந்து ஆடிட்டாரு. எனக்குத்தான் சார் அந்த மனசு இல்லாம போச்சு. நீங்க அவ்ளோ சொல்லியும் ஒங்களத் தலகுனிய வச்சிட்டேன். மன்னிச்சிக்குங்க."

"பரவால்லம்மா" என்றேன்.