முப்பத்தொன்பதாவது தாள்

பெரியவளாகி என்ன ஆகப் போகிறாய் என்று முதன்முதலில் எழுத்து மூலமாக என்னைக் கேட்டவர் எங்கள் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் சார். எழுத்து மூலமாக அதற்குப் பதில் சொன்னவர் என் மாமா. ஆடு வளர்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தார். சாப்பாட்டுத் தட்டைத் தவிர வேறெங்கும் நான் ஆட்டைத் தொட்டதே கிடையாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு எந்த அரசாங்கத் தாள் வந்தாலும் அது கடைசியில் அவர் கையில்தான் போய் நிற்கும். திங்கட்கிழமை தவறாமல் பஸ் மாறி பஸ் ஏறித் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய், தெருவில் யாருக்காகவாவது மனு கொடுத்துவிட்டு வருவார். முதியோர் பென்ஷன், பட்டா, மூன்று சக்கர வண்டி எல்லாம் அவர் வாங்கிக் கொடுத்தவை. கோந்து, ஸ்டேப்ளர், மைப்பெட்டி மூன்றும் ஒரு மஞ்சள் பையில் எப்போதும் தயாராக இருக்கும். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை.

சார் இதற்கு நேரெதிர். எங்கள் பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருநாள் யாராவது பெரிய மனிதர் மேடையேறி, டாக்டராகுங்கள், கலெக்டராகுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் கைதட்டிவிட்டு பிஸ்கட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். இப்படிச் சொல்லிச் சொல்லி ஒருவரும் உருப்பட்டதாகத் தெரியவில்லையே என்று சாருக்குக் கவலை. முதலில் பிள்ளைகளைக் கேட்போம், அவர்களுக்கு எது தெரியவில்லையோ அதைச் சொல்லிக்கொடுப்போம் என்று முடிவு செய்தார். பத்துக் கேள்விகளைத் தானே டைப் அடித்து, பஸ் ஸ்டாண்ட் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்.

"பேரு எழுத வேணாம். யாரையும் கேக்க வேணாம். மனசுல இருக்கறத எழுதுங்க" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லித் தாளை எங்களோடு அனுப்பினார். அந்த வருடம் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

நான் ஆறாவது கேள்வியை மட்டும் வகுப்பிலேயே பென்சிலால் எழுதி முடித்திருந்தேன். எந்த வேலையை நேரில் பார்க்க ஆசைப்படுகிறாய் என்பது அந்தக் கேள்வி. எங்க நைனா வேலை என்று எழுதியிருந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கம்பி கம்பெனியில் இருந்தார். இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக்கும் இடம் என்று தெரியும், அதற்குமேல் தெரியாது. உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டால் "வேலதான்" என்பார். கம்பெனியின் வாசல் கேட்டும் அதற்கு மேலே எழும் புகையும் மட்டும்தான் எங்களுக்குக் காட்சி. வேலை முடிந்து வரும் அப்பாவின் சட்டைக் கையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு பீடி நெருப்பு என்று திட்டுவாள். அப்பா பீடி பிடித்து நான் பார்த்ததில்லை. ஒளிந்து பிடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தாள் மாமா கைக்குப் போனது. இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா இது, பேரு போட எடமே இல்ல?"

"பேரு எழுத வேணாம்னு சார் சொன்னாரு மாமா."

"பேரு இல்லாத ஃபாரத்துக்கு எவன் குடுப்பான்? குடுக்க வந்தவன் எந்த ஊட்டுக்குன்னு வருவான்?" என்றவர், என் பென்சில் எழுத்தை ரப்பரால் சுத்தமாக அழித்தார். தாளின் தலையில் என் பெயர், அப்பா பெயர், கதவு எண், ரேஷன் கார்டு எண் எல்லாம் ஏறின. எதிர்காலத்தில் என்ன தொழில் செய்ய விருப்பம் என்ற கேள்விக்கு வந்தபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தொழில்னு கேட்டாலே ஆடு, மாடு, தையல் மிஷினுதான். அதுல ஆடுதான் சீக்கிரம் வரும்" என்று எழுதினார். ஆதார் ஜெராக்சை இணைத்தார். மேல் மூலையில் என் போட்டோவைக் கோந்து தடவி ஒட்டினார்.

சேதி தெருவுக்குப் பரவ எவ்வளவு நேரமாகும்? இருட்டுவதற்குள் என் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் கையில் ஜெராக்சோடு எங்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். மாமா சளைக்காமல் எழுதினார். எனக்கு மட்டும் அழுகையாக வந்தது. ஆட்டின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் முதல்முறையாக ஒருவர் என் ஆசையைக் கேட்டிருந்தார், அது ரப்பர்த் தூளாகத் தரையில் கிடந்தது. வகுப்பு லீடர் என்பதால் மிஞ்சின தாள் ஒன்று என் பையில் இருந்தது. மறுநாள் காலையில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து அதில் மறுபடியும் எங்க நைனா வேலை, கம்பி கம்பெனி என்று எழுதினேன். பெயர் எழுதாமல், சாருக்காக நான் வாங்கிச் சேர்த்த கட்டுக்கு நடுவில் செருகிவிட்டேன்.

முப்பத்தெட்டுப் பேர் உள்ள வகுப்பில் முப்பத்தொன்பது தாள்கள் வந்திருந்தன. அதில் முப்பத்தொரு தாள்கள் ஆடு கேட்டன. சார் நாலைந்து நாள் பேயறைந்தவர் போலத் திரிந்தார். ஆனாலும் கேட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் விடுவது அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகளைக் கேட்டுச் சொல்லிக்கொடுப்பதாக அவர்தானே முடிவு செய்திருந்தார். கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவரைப் பேசுவதற்கு அழைத்தார். வந்தவரும் கடமை தவறாதவர். விளக்கிக் காட்டுவதற்கு ஒரு வெள்ளாட்டைக் கூட்டி வந்தார்.

அவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஆடு வந்த சேதி கேட்டு எங்கள் தெருவே உள்ளே வந்தது. முன்னால் மஞ்சள் பையோடு மாமா, பின்னால் ஆளுக்கொரு கயிற்றோடு தாய்மார்கள். ஒருத்தி அகத்திக்கீரைக் கட்டுகூடக் கொண்டு வந்திருந்தாள்.

"இது ஒண்ணுதான் வந்துகீதா சார்? மீதி வண்டி பின்னால வருதா?" என்று மாமா மரியாதையாகக் கேட்டார்.

"இது பாடம் நடத்தறதுக்குங்க" என்றார் சார்.

"பாடம் நடத்துங்க, வேணாங்கல. எங்களுக்கு லிஸ்ட்டுப்படி முப்பத்தொண்ணு வரணும்."

அரைமணி நேரம் சார் விளக்கினார். அகத்திக்கீரையை ஆடு தின்று முடிக்கவும் அவர் பேசி முடிக்கவும் சரியாக இருந்தது. எல்லோரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள். இப்படிப் பேஜாரு பண்ணிட்டாரே என்று முணுமுணுத்தது சாரையா மாமாவையா என்று தெரியவில்லை. வகுப்புக்கு வந்த சார் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். பிறகு ஒரே ஒரு தாளை எடுத்து வாசித்தார். பெயர் இல்லாத என் தாள். இது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. "இதுக்கு ஏற்பாடு பண்றேன்" என்று மட்டும் சொன்னார்.

எப்படிக் கெஞ்சினாரோ, கம்பெனி சம்மதித்தது. வீட்டில் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைந்தபடியே நிறுத்திவிட்டார்.

"எந்தக் கெயமை?"

"புதன்கெயமை நைனா."

"எந்த செக்ஷனு காட்டுவாங்களாம்?"

"தெரியாது. உன்னிய காட்டுவாங்கல்ல?"

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார். தன்னோடு வேலை செய்பவர்களிடம் என்னைக் காட்ட அப்பாவுக்கு வெட்கமோ என்று நினைத்து எனக்கு வருத்தமாகிவிட்டது.

புதன்கிழமை தலைக்கு மஞ்சள் தொப்பி மாட்டி எங்களை வரிசையாக அழைத்துப் போனார்கள். ஆபீஸ், கேன்டீன், கம்பியை எடை போடும் இடம் எல்லாம் பார்த்தோம். தூரத்தில் ஒரு பெரிய ஷெட் இருந்தது. அதன் வாயிலிருந்து சிவப்பு வெளிச்சமும் சூடும் தீப்பொறிகளும் வந்தன. நீளமான இடுக்கியோடு ஆட்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று சூப்பர்வைசர் வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

அங்கே, ஃபேனுக்குக் கீழே, பச்சை வர்ணம் அடித்த ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, ஒரு ஓட்டை இல்லை. சட்டைப் பையின்மேல் வேறு யாருடைய பெயரோ தைத்திருந்தது. தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். "இவருதான் ஆபரேட்டரு" என்றார் சூப்பர்வைசர். அப்பா எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஒரு பச்சைப் பட்டனை அழுத்தினார். பிறகு சிவப்புப் பட்டனை அழுத்தினார். மிஷின் சத்தமே போடவில்லை. அப்பாவின் கை பட்டால் மிஷின்கூட அடங்கிப்போகிறது என்று எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் நின்ற ஆட்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள் என்றுதான் விளங்கவில்லை. எங்க நைனாடி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் சார் இன்னொரு கேள்வித்தாள் கொடுத்தார். இந்த முறை வீட்டில் காட்டினால் முட்டி பேந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். நான் மாமாவிடம் காட்டவில்லை, அப்பாவிடம் மட்டும் காட்டினேன். அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பழைய சட்டை, முதுகில் உப்புப் பூத்திருந்தது. தாளை வாங்கி எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார். நேரில் பார்த்த வேலை: பட்டன் அழுத்துவது. அந்த வேலை கடினமானதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"இல்லன்னு டிக் போட்டுகீற."

"நீ சும்மாதான நின்னுகினு இருந்த நைனா."

"கரெக்டு" என்றார் அப்பா. அந்தச் சொல்லை அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு குடித்து முடித்து இன்னொரு சொம்பு கேட்டார். உள்ளேயிருந்து வந்த அம்மா அவருடைய சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்து, "புதுசா ரெண்டு ஓட்ட. இந்த பீடிய எப்பதான் வுடப் போறியோ" என்றாள். இனிமேல் பிடிக்க மாட்டேன் என்று அப்பா சத்தியம் செய்தார். இருவரும் என்னைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் அந்தத் தாளைச் சாரிடம் முதலில் கொடுத்தது நான்தான். பெயர் எழுதவில்லை, யாரையும் கேட்டு எழுதவில்லை. எங்கள் வீட்டிலிருந்து உள்ளதை உள்ளபடி நிரப்பிப் போன முதல் படிவம் அதுதான் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது.